டிக்கி அதிர்ந்தால் போதுமா? நெல்லையில் கார் ஆடியோ தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

"தம்பி, பாட்டு போட்டா டிக்கி அதிரணும். பக்கத்துல நிக்கவன் திரும்பிப் பாக்கணும். அம்புட்டுதான்."

திருநெல்வேலியில் கார் ஆக்சஸரீஸ் கடை எதில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரமே இந்த வசனம் காதில் விழுந்துவிடும். சொல்கிறவர் வாடகை டிசையர் ஓட்டும் அண்ணாச்சியாக இருக்கலாம். விடுமுறைக்கு வந்த துபாய்க்காரராக இருக்கலாம். பழைய ஸ்விஃப்ட்டைத் தவணையில் எடுத்த கல்லூரிப் பையனாகவும் இருக்கலாம். மூவருக்கும் அலமாரியில் இருக்கிற பன்னிரண்டு அங்குல சப்வூஃபரை இறக்கி, ஒரு ரெடிமேட் பெட்டியில் மாட்டிக் கொடுத்து அனுப்புவது சுலபம். அப்படிப் போன வண்டிதான் மறு வாரம் திரும்பி வரும். திரும்பி வந்த வண்டிக்குக் கூலி கிடையாது. திட்டு உண்டு.

பேட்டை அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியனோ மோட்டார் மெக்கானிக்கோ முடித்துவிட்டு, "கார் செட்டு வேலைக்குப் போகலாமா" என்று யோசிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டீரியோ மாட்ட எவரும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். வந்த வண்டிக்கும் வந்த ஆளுக்கும் பொருத்தமான சப்வூஃபரை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்தான் கடையில் நெடுநாள் கையாளாக இருக்க மாட்டார். அந்தத் தேர்வுக்கு என் வரிசை இது: இடம், பெட்டி, கரண்ட், அப்புறம்தான் ஸ்பீக்கர். நம் ஊர்க் கடைகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

முதலில் டிக்கியைத் திறங்கள்

வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். டிக்கியில் என்ன ஏற்றுவீர்கள்? என்ன பாட்டு கேட்பீர்கள்? வண்டி யாருடையது?

வாடகை வண்டி என்றால் முதல் கேள்வியிலேயே பாதி முடிவாகிவிடும். திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் குடும்பத்தை ஏற்றிப் போகிற வண்டியில் டிக்கி சாமான் வைக்கிற இடம். அங்கே பன்னிரண்டு அங்குலப் பெட்டியைக் கட்டினால் பயணியின் பெட்டி மடியில் உட்காரும், அண்ணாச்சிக்கு அடுத்த சவாரி வராது. சிஎன்ஜி வண்டிகளில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே பிடித்துக்கொள்கிறது. தரைக்கு அடியில் இரட்டைச் சிலிண்டர் வைத்த டாடா வண்டிகளில் மட்டும் கொஞ்சம் இடம் மிஞ்சும். சிலிண்டர் இருக்கிற வண்டியில் டிக்கித் தரையில் துளை போடுவதற்கு முன், கீழே படுத்துக் கேஸ் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பெட்ரோல் வண்டியிலும் பின்சீட்டுக்கு அடியில் டேங்க் இருக்கும். திருகாணி எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள்.

இடமில்லாத வண்டிக்குச் சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டையான சப் இருக்கிறது. எட்டு அங்குலம், ஆம்ப் உள்ளேயே சேர்ந்து வரும். அதிராது, ஆனால் பாட்டுக்கு அடித்தளம் கொடுக்கும். குடும்பக் காருக்கும் வாடகை வண்டிக்கும் நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் இதைத்தான். ஒரு குறை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. தெருவில் நிற்கிற காருக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது சீட்டுக்கு அடியில் இருக்கிற சாமான்தான். தாழ்வான தெருவில் குடியிருக்கிற வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிட்டு விற்றால் பிறகு பேச்சு வராது.

வில்லுப்பாட்டுக் குடம் தெரியுமா?

கொடை விழாவில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் ஒருவர் மட்டையால் தட்டுவார். கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் நெஞ்சில் 'கும்' என்று கேட்கும். அந்தக் குடத்தில் ஸ்பீக்கர் இல்லை, மின்சாரம் இல்லை. உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில் மாதிரி சுருங்கி விரிகிறது. கழுத்தில் இருக்கிற காற்று உள்ளும் வெளியும் ஆடுகிறது. குடத்தின் கொள்ளளவும் வாயின் அகலமும் சேர்ந்து அதன் சுருதியைத் தீர்மானிக்கின்றன. குடத்தை மாற்றினால் சுருதியும் மாறும்.

துளை வைத்த சப்வூஃபர் பெட்டி இதே குடம்தான். கடையில் 'போர்ட்டடு' என்பார்கள். துளையில்லாமல் அடைத்த பெட்டி 'சீல்டு'. சீல்டு பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே கோனைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் அறிமுகப்படுத்திய ஸ்பீக்கர் இந்தத் தத்துவத்தில் அமைந்ததுதான். சீல்டு பெட்டியில் அடி சுத்தமாக விழும், சட்டென்று நிற்கும். போர்ட்டடு பெட்டியில் அதே வாட்டுக்குச் சத்தம் கூடுதல், ஆனால் பெட்டி பெரிது. சுருதிக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் அது தாறுமாறாக ஆடும். அதனால் போர்ட்டடு பெட்டிக்குச் சப்சானிக் ஃபில்டர் உள்ள ஆம்ப் கட்டாயம்.

எதற்கு எது? இளையராஜா பாட்டு கேட்கிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சீல்டு பெட்டி போடுவேன். அந்தப் பாடல்களில் பாஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதுவரை சமமாக இறங்கினால் போதும். புதுப் படங்களின் குத்துப் பாட்டு, கணினியில் செய்த பாஸ் என்று கேட்கிறவருக்கு, டிக்கியும் காலியாக இருந்தால், போர்ட்டடு நியாயம். இன்னொரு சங்கதி. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். கார் கேபின் அதில் பாதிகூடக் கிடையாது. அப்படிச் சின்ன இடத்தில் அடைபடும்போது அடிமட்ட ஒலி தானாகவே ஏறும். வீட்டு ஹாலில் சோப்ளாங்கியாகக் கேட்ட பத்து அங்குலச் சீல்டு சப் காருக்குள் ஆளை உலுக்குவது இதனால்தான். பத்து போதுமா பன்னிரண்டா என்று தயங்குகிற சின்னக் கார்க்காரரிடம் பத்து என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டிக்கு என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி வைக்க, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில் முடித்துவைத்த கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல கம்பெனி ஸ்பீக்கரின் கையேட்டில் அந்த எண்கள் அச்சடித்திருக்கும். எஃப்எஸ் என்ற எண்ணைக் க்யூஇஎஸ் என்ற எண்ணால் வகுங்கள். விடை 50க்குக் கீழே என்றால் சீல்டு, 100க்கு மேலே என்றால் போர்ட்டடு, நடுவில் என்றால் இரண்டுக்கும் ஒத்துவரும். கையேடே இல்லாத ஸ்பீக்கரை வாங்கி வைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

இனிப் பெட்டி அளவு. புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. ஆசாரியிடம் 18க்கு 14க்கு 11 அங்குலம் என்று பெட்டி சொல்கிறீர்கள் என்று வையுங்கள். பெருக்கினால் 2772 கன அங்குலம், அதை 1728ஆல் வகுத்தால் 1.6 கன அடி. ஆனால் பலகை 18 மி.மீ. கனம், அதாவது ஒரு பக்கத்துக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளளவு 16.6, 12.6, 9.6. பெருக்கி வகுத்தால் 1.16 கன அடிதான் வருகிறது. ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் அடைத்துக்கொள்கிற இடத்தையும் கழித்தால் மிச்சம் ஒன்று சொச்சம். பன்னிரண்டு அங்குலச் சீல்டு சப் பலவற்றுக்கு இது கச்சிதம். 1.6 இருக்கிறது என்று நம்பி இதிலேயே குழாயைச் சொருகிப் போர்ட்டடு ஆக்கினீர்களானால் ஒரே சுரத்தில் 'பூம் பூம்' என்று ஊளையிடும். அளவு சொல்லும்போது 'உள்ளளவு' என்ற சொல்லை ஆசாரியின் காதில் போட்டுவிடுங்கள்.

பலகைக்கு எம்டிஎஃப் நல்லது. கனமாக இருக்கும், அதிராது. ஆனால் தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி ஊறிவிடும். டிக்கி ரப்பர் பழசாகி மழைநீர் கசிகிற வண்டிக்கு மெரைன் பிளைவுட் சொல்லுங்கள். மூலைகளில் உள்ளே பசை ஓட்டம் விட்டிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் பெட்டியை வாங்க வேண்டும். சீல்டு பெட்டியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் 'புஸ்' என்று காற்று சீறும்.

1400 வாட் என்கிற கதை

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது மேக்ஸ் வாட். உள்ளே இருக்கிற தாளில் சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் என்று ஒரு எண் இருக்கும். 1400 மேக்ஸ் என்றால் ஆர்எம்எஸ் 350 என்று பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். தொடர்ந்து தாங்குவது அந்த 350தான். நீங்கள் பார்க்க வேண்டியது, எழுத வேண்டியது, பேச வேண்டியது அது ஒன்றைத்தான். ஆம்ப்பின் ஆர்எம்எஸ் ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருக்கட்டும். குறைந்த ஆம்ப்பை முறுக்கி முறுக்கிக் கத்தவிட்டால் ஒலியலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுப்பட்ட அலைதான் காயிலைச் சூடாக்கிக் கருக்கும். எரிந்த சப்பைப் பிரித்துப் பார்த்தால் வருகிற அந்த வாசம், ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சென்சிட்டிவிட்டி என்று டெசிபெல்லில் ஓர் எண் இருக்கும். அதில் 3 டெசிபெல் கூடினால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 87 உள்ள ஸ்பீக்கரையும் 90 உள்ள ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்க்கிறவர்கள், ஆம்ப்பின் விலையையும் அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓம் கணக்கில் தவறினால் ஆம்ப் போய்விடும். இரட்டைக் காயில் 4+4 ஓம் சப்பைத் தொடராக இணைத்தால் 8 ஓம், இணையாக இணைத்தால் 2 ஓம். 2+2 என்றால் 4 அல்லது 1. ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற காயிலை எடுங்கள். ஒரு ஓம் தாங்காத ஆம்ப்பில் 2+2ஐ இணையாகக் கொடுத்துவிட்டு "ஆம்ப் புரொடக்ஷனுக்குப் போகுது அண்ணே" என்று சொன்னால், தவறு ஆம்ப்பினுடையது இல்லை.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

500 வாட் கிளாஸ் டி ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எண்பது பங்கு திறன் என்றால் பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். பாட்டின் அடி விழுகிற கணத்தில்தான் இவ்வளவும் என்றாலும், சின்னக் கார் ஆல்டர்னேட்டர் மொத்தமே 70, 80 ஆம்பியர் அளவில்தான் தருகிறது. ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் அதற்குள்தான். சப் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் காரணம் இதுவாக இருக்கும், அல்லது ஒயர் மெலிந்ததாக இருக்கும்.

சந்தையில் விற்கிற மலிவு ஒயரிங் கிட்டில் பாதி ரப்பர், உள்ளே அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பு வாங்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு படி தடிமனாகப் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இது ஸ்பீக்கரைக் காப்பாற்ற வைக்கிற ஃபியூஸ் இல்லை. ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் கார் தீப்பிடிக்காமல் இருக்க.

எர்த் பற்றி என் சொந்தக் கதை. தொழில் பழகிய நாளில் ஒரு வேனுக்கு ஆம்ப் மாட்டினேன். எர்த் ஒயரைப் பின்பக்கப் போல்ட் ஒன்றில் முறுக்கிவிட்டேன். திருச்செந்தூர் போய்விட்டு வந்த டிரைவர் அண்ணன், "ஆக்சிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கருக்குள்ள கொசு கத்துதுல" என்றார். ஆர்சிஏ ஒயரை மாற்றினேன். ஸ்டீரியோவையே மாற்றிப் பார்த்தேன். கொசு அங்கேயேதான் இருந்தது. கடையிலிருந்த மூத்த ஃபிட்டர் ஒன்றும் பேசாமல் வந்தார். போல்ட்டைக் கழற்றினார். அடியில் இருந்த பெயிண்ட்டை உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரிகிற வரை தேய்த்தார். திரும்ப முறுக்கினார். கொசு போய்விட்டது. இரண்டு மணி நேரம் நான் செய்த வேலைக்கு அவருக்குப் பிடித்தது ஐந்து நிமிடம்.

புது வண்டிகள் பலவற்றில் கம்பெனி ஸ்டீரியோவையே எடுக்க முடியாது. கம்பெனி ஒயரை வெட்டினால் வாரண்டியில் வம்பு வரும். அந்த மாடலுக்கென்று கிடைக்கிற கப்ளரை வாங்கி இடையில் சொருகி, ஸ்பீக்கர் லைனிலிருந்தே ஆம்ப்புக்குச் சிக்னல் எடுக்கலாம். மின்சாரக் கார் வந்தால் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள், அது உயிர் போகிற வோல்ட்டேஜ். நமக்கு வேலை அதிலிருக்கிற 12 வோல்ட் பேட்டரியோடு மட்டும்தான்.

மாட்டி முடித்தபின் ட்யூனிங். கெயின் திருகு வால்யூம் இல்லை. சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போட்டு, ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து, ஆம்ப்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசியில் வையுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வோல்ட் என்று கிடைக்கும். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். அதில் நிறுத்திவிடுங்கள். லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80. பிறகு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து ஃபேஸ் ஸ்விட்ச்சை மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எந்தப் பக்கம் அடி கனமாக விழுகிறதோ அதுதான் சரி. பாஸ் பூஸ்ட் திருகை நான் எப்போதும் பூஜ்ஜியத்தில் வைத்துத்தான் வண்டியைக் கொடுப்பேன். வாசலைத் தாண்டியதும் அண்ணாச்சி கூட்டிக்கொள்வார், அது வேறு விஷயம்.

காதும் சட்டமும்

வாடிக்கையாளர் காரில் ஒரு மணி நேரம் கேட்கிறார். நீங்கள் நாள் முழுக்கக் கேட்கிறீர்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். பஞ்சு வைத்தால் போதாது, காதடைப்பான் வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். இரவு வீட்டுக்குப் போனபின் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அன்றைக்குச் சத்தம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை 'இரவு'. குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபெல்தான் அளவு. மோட்டார் வாகனச் சட்டம் 190ஆவது பிரிவில் ஒலி மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டி வைக்கச் சொல்கிறவர்களிடம் 52ஆவது பிரிவை நினைவுபடுத்துங்கள், ஆர்சியில் உள்ளபடி வண்டி இருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வண்டிக்காரர்களிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பலாம். பாபநாசத்துக்கு மேலே அது புலிகள் காப்பகம். அங்கே பாட்டை அணைத்துவிட்டு ஏறுவது நல்லது.

கடையில் நிலைத்து நிற்க

சம்பளத்தைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: ஃபிட்டிங் கற்றுத்தருவீர்களா, கல்லாப் பக்கம்தான் நிற்க வேண்டுமா? முதல் ஆறு மாதம் மூத்த ஃபிட்டர் பக்கத்திலேயே இருங்கள். சொந்தமாக ஒரு மல்டிமீட்டர், கிரிம்பிங் பிளையர், கதவுப் பேனலைக் கீறாமல் நெம்பும் பிளாஸ்டிக் நெம்பி, ஒரு நல்ல டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். செய்த ஒவ்வொரு வண்டியையும் ஒரு நோட்டில் குறியுங்கள்: மாடல், பெட்டி உள்ளளவு, ஓம், கெயின் வோல்ட். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டு உங்களுக்கு ஒரு சம்பளப் படி.

எஸ்டிமேட்டை எழுதிக் கொடுக்கப் பழகுங்கள். ஸ்பீக்கர், ஆம்ப், பெட்டி, ஒயர், கூலி என்று ஐந்து வரி. அண்ணாச்சி பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் ஸ்பீக்கரில் ஒரு படி இறங்குங்கள். பெட்டியிலும் ஒயரிலும் இறங்காதீர்கள். "இதை மட்டும் மாட்டு, மத்தத அப்புறம் பாக்கலாம்" என்று ஃபியூஸ் இல்லாமல் கேட்கிறவரிடம், "அண்ணாச்சி, ஃபியூஸ் இல்லாம வண்டிய வெளிய விட மாட்டோம்" என்று சொல்லப் பழக வேண்டும். சொன்னதற்காக அவர் கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும்.

கடைசியாக ஒரு சோதனை. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று மீட்டரில் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆம்ப்பின் ரிமோட் ஒயர் நேரடி 12 வோல்ட்டில் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அணையாத ஆம்ப் ஒரு ஆம்பியர் இழுத்தால்கூட 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்த வண்டி திங்கட்கிழமை காலையில் கிளம்பாது.